உப்புத் தண்ணீர்த் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்?

சுங்கை புரோங் வட்டாரத்து மக்களுக்குக் கடல் புதிதல்ல. ஒரு பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் செம்பனை, மேற்கே கடல். காலையில் கரைக்கு வந்த மீன் மதியத்துக்குள் குழம்பாகிவிடும். ஆனால் கடல் மீனைச் சட்டியில் போடாமல், வீட்டு முன்னறையில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தவிட்டு வளர்ப்பது வேறு கலை. அதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். நிறையப் பொறுமை வேண்டும்.

நம் பிள்ளைகள் கால்வாயில் பிடித்த கப்பியையும் சண்டை மீனையும் போத்தலில் வளர்த்துப் பழகியவர்கள். 2003-ல் வெளிவந்த 'நெமோ' படத்துக்குப் பிறகு அவர்களுடைய ஆசை ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனின்மேல் திரும்பிவிட்டது. பிள்ளை கேட்டுவிட்டதே என்று அப்பாவும் சம்பளம் கிடைத்த வாரம் பட்டணத்துக்குப் போகிறார். தொட்டி, தண்ணீர், உப்பு, கண்ணுக்குப் பிடித்த ஏழெட்டு மீன்கள் எல்லாம் ஒரே நாளில் வீடு வந்து சேர்கின்றன. அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதக்கின்றன. காசு போனதோடு, பிள்ளையின் அழுகையையும் தேற்ற வேண்டியிருக்கிறது.

இப்படி நேர்வதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, தண்ணீர் பக்குவப்படும் முன்பே மீனை விடுவது. மற்றொன்று, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மீன்களை ஒரே தொட்டியில் அடைப்பது. லயத்தில் பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் என்றால் வேறு தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடலாம். தொட்டிக்குள் இருக்கும் மீன் எங்கே போகும்?

நம் கடல் தண்ணீர் ஆகாதா?

"கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு தோம்பு தண்ணீர் மொண்டு வந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நம் கரை சேற்றுக் கரை. சிலாங்கூர் ஆறும் பெர்ணாம் ஆறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் இடம். மழை பெய்தால் உப்புக் குறையும். வெயில் அடித்தால் கூடும். வயலுக்கும் செம்பனைக்கும் போடும் உரமும் மருந்தும் வாய்க்கால் வழியே வந்து கலக்க இடமுண்டு. காராங் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பவளப்பாறை என்று ஒரு பொருள் உண்டு. ஆனாலும் தஞ்சோங் காராங் கரையில் இன்று நாம் காண்பது சேறும் அலையாத்திக் காடும்தான்.

கடைகளில் விற்கும் வண்ண மீன்களோ தெளிந்த பவளப்பாறைக் கடலில் பிறந்தவை. அங்கே உப்பின் அளவு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, நம் கரைத் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துவராது. இதற்கென்றே விற்கும் கடல் உப்பை வாங்கிக் கரைப்பதுதான் வழி. சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் சாதாரண உப்போடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பல தாதுக்கள் இருக்கின்றன. சமையல் உப்பில் அவை இல்லை.

தொட்டியும் தண்ணீரும்

சிறிய தொட்டி சுலபம் என்று நினைப்பது இயல்பு. உப்புநீர் விஷயத்தில் அது நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு சிறு கேடும் உடனே விஷமாகிவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி முதல் முயற்சிக்கு ஏற்றது. அது சுமார் 190 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் போட்டபின் ஏறக்குறைய 160 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். எல்லாம் சேர்ந்தால் எடை 200 கிலோவைத் தாண்டும். பழைய மேசைமேல் வைத்துவிட்டு வருந்தக்கூடாது.

ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது பொதுக் கணக்கு. 160 லிட்டருக்கு ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று அதிகம் வேண்டும். ஹைட்ரோமீட்டர் என்னும் உப்புமானி 1.023-க்கும் 1.025-க்கும் இடையில் காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; அதை நீக்கும் மருந்தை முதலில் கலந்துவிட வேண்டும். உப்பைக் கரைக்கப் பிளாஸ்டிக் தோம்பையே பயன்படுத்துங்கள். தகரத் தோம்பு, பித்தளைக் குடம், செப்புப் பாத்திரம் எதுவும் கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் இறாலும் நத்தையும் செத்துவிடும்.

இல்லத்தரசிகளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று இங்கே உதவும். அடுப்பில் குழம்பு வற்றினால் உப்புக் கரிக்கும் அல்லவா? தொட்டியிலும் அப்படித்தான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே, மட்டம் குறையும்போது குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். குறைந்ததை ஈடுகட்ட உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால், நாளுக்கு நாள் உப்பேறி மீன் மடிந்துவிடும்.

ஆறு வாரக் காத்திருப்பு

தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடக்கூடாது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா என்ற விஷமாக மாறும். அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒருவகை நுண்ணுயிர் வேண்டும். நைட்ரைட்டும் விஷமே. அதைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை நுண்ணுயிர் வேண்டும். புதிய தொட்டியில் இவை இரண்டும் இல்லை. எருக்குழியில் போட்ட சாணம் ஒரே நாளில் மக்கிவிடுவதில்லை; அதுபோல இதற்கும் காலம் பிடிக்கும்.

கல்லையும் மணலையும் போட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, ஒரு சிறு இறால் துண்டைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். அது அழுகும்போது அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கும். இரண்டும் இல்லாத நிலைக்கு வந்துவிட்டன என்று சோதனை மருந்து காட்டிய பிறகுதான் முதல் மீனுக்கு இடம். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பிள்ளைகள் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தினமும் சோதித்து நோட்டில் எழுதும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் பாடம் வீட்டிலேயே நடக்கும்.

ஒத்துப்போகும் மீன்கள்

இத்தகைய மூன்றடித் தொட்டியில் ஐந்து அல்லது ஆறு சிறிய மீன்களுக்கு மேல் கூடாது. "இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஐந்து மீன்தானா?" என்று உறவினர் கேலி செய்வார்கள். செய்யட்டும். முதல் தொட்டிக்கு ஏற்றவை இவை:

கோமாளி மீன் ஒரு ஜோடி. இது நம் மலேசியக் கடலிலும் வாழும் மீன்தான். கடல் சாமந்தி இல்லாமலும் தொட்டியில் நன்றாக வாழும். இதில் ஒரு விந்தை உண்டு. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடுகிறது. அந்தப் பெண் இறந்துவிட்டால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகிறது. ஆகவே, கடையில் ஆண் எது, பெண் எது என்று தேட வேண்டாம். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் பார்த்து வாங்கினால் ஜோடி சேர்ந்துவிடும். ஜோடி ஒன்றுதான் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்றை விட்டாலும், வேறு இனக் கோமாளியை விட்டாலும் சண்டை நிச்சயம்.

பங்காய் கார்டினல். இந்தோனேசியாவின் சுலாவெசிக்கு அருகிலுள்ள பங்காய் தீவுகளைத் தாயகமாகக் கொண்டது. வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள். சாதுவானது, மெதுவாக நீந்தும். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காத்துப் பொரிக்கும். அதுவரை பட்டினி கிடக்கும். இது காட்டில் அருகிவரும் இனம். ஆகவே, பண்ணையில் பொரித்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று போதும்.

மஞ்சள் உளுவை. மணலில் வளை பார்த்து அமரும் சிறு மீன். இதன் கதை நம் தோட்டத்துக் கூட்டு வாழ்க்கையை நினைவூட்டும். கண்பார்வை மங்கலான ஓர் இறால் வளை தோண்டும். உளுவை வாசலில் காவல் நிற்கும். ஆபத்து வந்தால் உளுவை வாலை அசைக்கும், இருவரும் உள்ளே ஓடிவிடுவர். விரலைச் சொடுக்குவதுபோல் ஓசையெழுப்பும் அந்த இறாலையும் சேர்த்து வாங்கினால், பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நெருப்பு உளுவை. முன்பாதி வெள்ளை, பின்பாதி தீச்சுவாலை போன்ற சிவப்பு. மிகக் கூச்சமுள்ளது. பயந்தால் தொட்டியை விட்டுத் துள்ளி வெளியே விழுந்துவிடும். மேலே சிறுகண் வலை போட்டு மூடுவது கட்டாயம்.

இவற்றோடு பாசியைத் தின்ன நான்கைந்து நத்தைகளை விடலாம். இதுவே ஒரு நிறைவான குடும்பம்.

விடும் வரிசையும் முக்கியம். கூச்சமுள்ளது முதலில், துணிச்சலுள்ளது கடைசியில். முதலில் நெருப்பு உளுவை, அடுத்து கார்டினல், பிறகு மஞ்சள் உளுவை, கடைசியாகக் கோமாளி ஜோடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். முதலில் வந்தவன் தொட்டி முழுவதும் தனக்கே என்று பட்டா எழுதிக்கொள்வான். பின்னால் வருபவனை விரட்டுவான். சாது முதலில் வந்து தன் மூலையைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

வாங்கக்கூடாத அழகர்கள்

கடைக்காரர் காட்டும் மீன்களில் கண்ணைப் பறிப்பவை பலவும் முதல் தொட்டிக்கு ஆகாதவை. மின்னுவதெல்லாம் பொன்னல்ல.

நீல டாம்சல், மூன்று பட்டை டாம்சல் இரண்டும் மலிவு, எதையும் தாங்கும். அதனால்தான் புதியவர்கள் கையில் இவற்றைத் திணிக்கிறார்கள். ஆனால் வளர வளர முரடாகி, மற்ற மீன்களின் செதிலைக் கிழிக்கும். பிடித்து வெளியேற்றலாம் என்றால் கல்லையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும்.

நெமோவின் தோழியாகப் படத்தில் வந்த நீல நிற மீன் ஓரடி வரை வளரக்கூடியது. குட்டியாக இருக்கும்போது விரலளவுதான். மூன்றடித் தொட்டி அதற்குச் சிறைச்சாலை.

சிங்க மீன் விரிந்த சிறகோடு ராஜநடை போடும். வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் இரவோடு இரவாக விழுங்கிவிடும். முள்ளில் விஷமும் உண்டு. கெராப்புக் குஞ்சும் அப்படியே விழுங்கும் வகை. கிளாத்தி கடித்துக் குதறும்.

கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டு, பந்துபோல் கூட்டமாய்த் திரியும் செம்பிலாங் குஞ்சுகளும் கடைகளில் கிடைக்கும். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் செம்பிலாங் முள் குத்துப் பட்டவர்களைக் கேட்டால் அதன் வலியைச் சொல்வார்கள். குழந்தைகள் கை விடும் தொட்டியில் இது வேண்டவே வேண்டாம். இத்தகைய விஷ முள் குத்திவிட்டால், தோல் வெந்துபோகாத அளவுக்குச் சூடான நீரில் காயத்தை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பெட்டி மீன் சதுர உடம்போடு வேடிக்கையாக இருக்கும். மிரண்டாலோ செத்தாலோ உடம்பிலிருந்து விஷத்தைக் கசியவிட்டு, தொட்டியிலுள்ள எல்லாவற்றையும் கொன்றுவிடக்கூடும். மாண்டரின் மீன் பட்டுப்புடவை போன்ற அழகு. ஆனால் கல்லில் ஊரும் உயிருள்ள சிறு பூச்சிகளையே நாள் முழுதும் பொறுக்கித் தின்னும். புதிய தொட்டியில் அவை இருக்காது; கண்ணெதிரே இளைத்துச் சாகும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிர்களையே உணவாகக் கொள்பவை. கடல்குதிரை மெதுவாகத் தின்பது; சுறுசுறுப்பான மீன்களோடு விட்டால் அதற்கு எதுவும் மிஞ்சாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

பிடித்த மீனைப் பார்த்ததும் பையைத் திறக்காதீர்கள். "இதற்குக் கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்கள்" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தின்னாத மீனை வாங்க வேண்டாம். கண் தெளிவாக இருக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் வேகமாய் அடித்துக்கொள்கிறதா, உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் புள்ளி இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்க வேண்டாம்.

பண்ணை மீனா, கடலில் பிடித்ததா என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் பவளப்பாறை மீன்களைச் சயனைடு விஷம் தெளித்து மயக்கிப் பிடிக்கும் கொடுமை இருந்துவருகிறது. அப்படிப் பிடித்த மீன் வெளிக்கு நன்றாக இருந்தாலும் சில நாட்களில் சாகலாம், பாறையும் பாழாகும். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் தீனிக்குப் பழகியது, தொட்டிக்கும் பழகியது. தமிழ்நாட்டில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தார் கோமாளி மீனைப் பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பாறையில் இட்ட முட்டையை ஆண் மீன் விசிறிக் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சு வெளிவரும்.

அந்த மண்டபம் முகாமை நாம் வேறு விதத்திலும் அறிவோம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் இனத்தார் நோய் இல்லை என்று உறுதிப்படும்வரை தங்கவைக்கப்பட்ட இடம் அது. மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் பலருக்குப் பினாங்கு ஜெரஜாக் தீவில் அதே அனுபவம். ஒரே கப்பலில் ஒருவருக்கு அம்மை என்றால் தோட்டம் முழுவதும் பரவிவிடுமே என்ற அச்சம்தான் காரணம். மீனுக்கும் இதே விதி. புதிதாய் வாங்கியதை நேரே பெரிய தொட்டியில் விடாமல், காற்றுக் குழாய் போட்ட ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். செம்பு கலந்த மருந்து கொடுக்க நேர்ந்தால் அங்கே மட்டுமே கொடுங்கள். கடைப் பையிலுள்ள தண்ணீரை உங்கள் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

நம் வீடுகளுக்கான எச்சரிக்கை

தகரக் கூரை வீட்டில் மதிய வெயிலில் தண்ணீர் கொதித்துப்போகும். 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் மீனுக்கு நல்லது. வெயில் படாத சுவரோரம் வைத்து, ஒரு சிறு மின்விசிறியைத் தண்ணீர் மட்டத்தின்மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

கொசு மருந்தைத் தொட்டி இருக்கும் அறையில் அடிக்காதீர்கள். மனிதருக்குத் தும்மல் வருமளவு மருந்து மீனுக்கு எமன். டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால், காற்றுப் பம்பைச் சிறிது நேரம் நிறுத்தி, தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். புகை கலைந்ததும் மறக்காமல் திறந்து பம்பை ஓடவிடுங்கள். மின்சாரம் போய்விடும் இடங்களில் பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

தீனி இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரும் அளவுதான் போட வேண்டும். உப்போ மருந்தோ கலக்காத பச்சை இறாலைப் பொடியாக நறுக்கி, உறையவைத்துக்கொண்டு சிறிது சிறிதாகப் போடலாம். விருந்தாளி வந்த நாளில் ஆளுக்கொரு பிடி அள்ளிப் போட்டுவிடுவதுதான் பல தொட்டிகளின் கதையை முடித்திருக்கிறது. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, முந்திய நாளே கரைத்துவைத்த புதிய உப்புநீரை ஊற்றுங்கள்.

பிடிக்காதது, விடாதது

தீயோமான், பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளுக்கு உல்லாசப் பயணம் போகும்போது அழகாயிருக்கிறதே என்று மீனையோ பவளத்தையோ எடுத்து வராதீர்கள். அவை கடல் பூங்காக்கள். 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அது குற்றம். அதேபோல, வளர்க்க முடியாமல் போன மீனைக் கடலிலோ ஆற்றிலோ விடக்கூடாது. நம் பக்கத்துக் கடலுக்குரிய சிங்க மீன் 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் தென்பட்டது. இன்று கரீபியன் கடல் எங்கும் பெருகி, அங்குள்ள மீன்களைத் தின்று தீர்க்கிறது. வளர்த்தவர்கள் விட்ட மீன்களே இதற்கு வித்தாக இருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேண்டாத மீனைக் கடைக்கோ வளர்க்கத் தெரிந்தவருக்கோ கொடுத்துவிடுங்கள்.

இத்தனையையும் படித்தபின், "இது நமக்குத் தோதுப்படாது" என்று தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அகலக் கால் வைக்காமல் இருப்பதும் அறிவுதான். கப்பியும் சண்டை மீனும் பிள்ளைக்குக் கொடுக்கும் மகிழ்ச்சி குறைவானதல்ல. விடுமுறையில் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சேற்றில் துள்ளி நடக்கும் பெலாச்சாக் மீனை அது வாழும் இடத்திலேயே காணலாம்.

தொட்டி வைத்தே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் மூன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். தண்ணீர் முதலில், மீன் பிறகு. குணம் முதலில், நிறம் பிறகு. ஒன்று வந்து நிலைத்த பிறகே அடுத்தது. இந்த மூன்றையும் காப்பாற்றினால், ஆசையாய் வாங்கிய மீன் ஒரு வாரத்து வேடிக்கையாகப் போய்விடாமல், பிள்ளையோடு சேர்ந்து பல ஆண்டுகள் உங்கள் வீட்டில் வளரும்.